அம்மாவின் கையெழுத்து நோட்டை வெளுப்பாக்கணும்: ஓப்பன்சிவியில் எங்கிருந்து தொடங்குவது?

பழையநோட்டு:

வணக்கம். நாங்க சின்ன வயசில் கேட்ட கதைகளை எல்லாம் அம்மா கடைசிக் காலத்தில் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. மொத்தம் 84 பக்கம், நீல மை. தாள் நல்லா மஞ்சளாயிருச்சு, ஓரமெல்லாம் தொட்டால் பொடியுது. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த மனசு வரலை. அதனால் போனிலேயே ஒவ்வொரு பக்கமா படம் எடுத்துட்டேன். 12 மெகாபிக்சல், 4000-க்கு 3000. தாள் வெள்ளையாவும் எழுத்து கருப்பாவும் வந்தால் அச்சடிச்சு அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம்னு ஆசை.

பைத்தான் ஓரளவு தெரியும், வேலையில் எக்செல் கோப்புகளைச் சேர்த்துப் பிரிக்கிற அளவுக்கு. படத்தில் கை வைக்கிறது இதுதான் முதல் தடவை. மூணு நாளா ஓப்பன்சிவியோட, அதாவது படங்களைக் கையாளுற நிரல் நூலகத்தோட, உட்கார்ந்திருக்கேன்.

முதல் நாள் படமே திறக்கலை. படத்தைத் திறக்கிற இம்ரீட் ஃபங்ஷன் கொடுத்த வரியில் எந்தப் பிழையும் இல்லை, அடுத்த வரியில் "நன்டைப்புக்கு ஷேப் கிடையாது"ன்னு நின்னுடுச்சு. கோப்பு அங்கேதான் இருக்கு, 'அம்மா நோட்டு'ன்னு ஒரு ஃபோல்டரில். விண்டோஸ் கணினி. எதேச்சையா ஒரு படத்தை நேரா சி டிரைவில் போட்டேன், திறந்துக்கிச்சு. ஏன்னு இன்னும் புரியலை.

அடுத்து, படத்தைத் திரையில் காட்டுற மேட்பிளாட்லிப் நூலகத்தில் காட்டினால் மஞ்சள் தாள் இளநீலமா வருது, நீல மை பழுப்பா வருது. நீல மைக்குச் சிவப்பு சேனல், அதாவது படத்தின் சிவப்பு நிற அளவை மட்டும் எடுத்தால் எழுத்து எடுப்பா தெரியும்னு எங்கேயோ படிச்சேன். முதல் சேனலை எடுத்துப் பார்த்தேன், எழுத்து கிட்டத்தட்ட காணவே இல்லை. அந்த யோசனையை அதோட விட்டுட்டேன்.

கடைசியா த்ரெஷோல்ட், அதாவது ஒரு எல்லை எண்ணை வச்சு எல்லாத்தையும் கருப்பு இல்லைன்னா வெள்ளைன்னு வெட்டுறது. பல பக்கங்களில் வலது பக்கம் என் கை நிழல் விழுந்திருக்கு. ஓட்சு முறை போட்டால் இடது பாதி அருமையா வருது, நிழல் விழுந்த பாதி மொத்தமும் கருப்பு. புள்ளி புள்ளியா அழுக்கும் வருது.

எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இரண்டாவது அத்தியாயத்திலேயே முகத்தைக் கண்டுபிடிக்கப் போயிடறாங்க. எனக்கு முகம் வேண்டாம், இந்த 84 பக்கம் போதும். எதை முதலில் கத்துக்கணும்னு யாராவது சொல்லுங்களேன்.

இரவுப்பணி:

அந்த முதல் சிக்கலை மட்டும் நான் தீர்க்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஃபோல்டர் பெயர் தமிழில் இருப்பதுதான் காரணம். விண்டோஸில் இம்ரீட்டுக்கு ஆங்கில எழுத்து தவிர வேறு எழுத்துள்ள பாதையைக் கொடுத்தால் பெரும்பாலும் திறக்காது. திறக்கவில்லை என்று பிழையும் எழுப்பாது, 'நன்' என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தந்துவிடும். நானும் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். பெயரை மாற்ற வேண்டாம், அம்மா பெயரிலேயே இருக்கட்டும். எண் அட்டவணைகளுக்கான பைத்தான் நூலகமான நம்பையின் ஃப்ரம்ஃபைல் வழியாகக் கோப்பை வெறும் பைட்டுகளாகப் படியுங்கள், அதை ஓப்பன்சிவியின் இம்டிகோடுக்குக் கொடுங்கள். படம் வந்துவிடும். சேமிக்கும்போதும் இதே கதைதான்: இம்ரைட்டுக்குப் பதில் இம்என்கோட், பிறகு டுஃபைல்.

எந்த வழியில் திறந்தாலும் அடுத்த வரியிலேயே 'நன்' வந்ததா என்று பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப்பில் ஓப்பன்சிவி நான்கு பெயர்களில் கிடைக்கும். ஒன்றை மட்டும் நிறுவுங்கள். நான்கும் சிவி2 என்ற ஒரே இடத்தில் போய் உட்காரும், இரண்டு இருந்தால் ஒன்றையொன்று மிதிக்கும். ஹெட்லெஸ் என்று முடிகிறதில் ஜன்னல் திறக்கும் வசதி இல்லை, இம்ஷோ வேலை செய்யாது.

சாம்பல்நிறம்:

நீங்கள் விட்டுவிட்ட அந்தச் சிவப்பு சேனல் யோசனைதான் சரியான யோசனை. நீங்கள் எடுத்தது சிவப்பே இல்லை, அதனால்தான் எழுத்து காணாமல் போனது.

பதினோரு வருடமாகத் தொழிற்சாலைக் கேமராப் படங்களோடுதான் என் வேலை. மாத்திரை அட்டையில் ஒரு குழி காலியாக இருக்கிறதா, மாத்திரை விண்டிருக்கிறதா என்று பார்க்கும் நிரல்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் எந்த ஃபங்ஷனும் சொல்லித் தருவதில்லை. ஒரு படத்தைத் திறந்து, பத்து இடத்தில் பிக்சல் எண்களை அச்சிட்டு, தாளில் எழுதிவரச் சொல்வேன். உங்களுக்கும் அதுவேதான். படம் என்பது எண்களின் அட்டவணை. எக்செல்லில் வேலை செய்கிறவருக்கு இது புதிதே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண், 0 முதல் 255 வரை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் படத்தைப் போலவே மஞ்சளான தாள், நீல மை உள்ள ஒரு பழைய கடிதத்தை இப்போது படம் எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் விழும் தாளில் ஒரு பிக்சல்: 150, 196, 214. பக்கத்திலேயே மை மேல் ஒரு பிக்சல்: 128, 74, 52.

ஓப்பன்சிவியில் இந்த மூன்று எண்ணும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை. மற்ற பெரும்பாலான இடங்களில் சிவப்பு முதலில் வரும், இங்கே கடைசியில். 1999-இல் இன்டெல்லில் இந்த நூலகத்தைத் தொடங்கிய காலத்துப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. விண்டோஸின் பிஎம்பி கோப்பிலும் இதே வரிசைதான். மேட்பிளாட்லிப்புக்கு இது தெரியாது, அது முதல் எண்ணைச் சிவப்பு என்று நம்புகிறது. உங்கள் தாள் நீலமாகவும் மை பழுப்பாகவும் தெரிந்தது அதனால்தான். காட்டுவதற்கு முன் சிவிடிகலரில் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது அந்த ஆறு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் எண்ணில், அதாவது நீலத்தில், தாள் 150, மை 128. வித்தியாசம் வெறும் 22. நீங்கள் எடுத்தது இதை. நீல மை நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, மஞ்சள் தாள் நீல ஒளியை விழுங்குகிறது, இரண்டும் ஒரே மங்கலில் வந்து நிற்கின்றன. மூன்றாவது எண்ணில் தாள் 214, மை 52. வித்தியாசம் 162. மஞ்சள் தாளுக்குச் சிவப்பு பளிச்சென்று இருக்கும், நீல மைக்கு அது கிட்டத்தட்ட கருப்பு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற சாம்பல் மாற்றத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு போட்டுக் கூட்டுவார்கள். அதில் தாள் 196, மை 74. வித்தியாசம் 122. மோசமில்லை, ஆனால் 162 சும்மா கிடைக்கும்போது 122 எதற்கு? கடைசி சேனலை, அதாவது எண் 2-ஐ எடுங்கள் (இங்கே எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும்). தாளின் மஞ்சள் அந்த ஒரு வரியிலேயே போய்விடும்.

அடுத்து நிழல். ஓட்சு முறையை 1979-இல் வெளியிட்டவர் நொபுயுகி ஓட்சு. படம் முழுவதற்கும் ஒரே ஒரு எல்லை எண்ணைத் தேடித் தருவதுதான் அதன் வேலை. என் கடிதத்தின் மேல் கையால் நிழல் விழச் செய்து அளந்தேன்: நிழலில் தாள் 107, மை 28. வெளிச்சத்தில் தாள் 214. பக்கத்தில் பாதி 214, பாதி 107, மை கொஞ்சம்தான். ஓட்சு 214-க்கும் 107-க்கும் நடுவில் போய் வெட்டும். அதன் கணக்கில் தப்பே இல்லை, உங்கள் படத்தில் நிஜமாகவே இரண்டு பெரிய கூட்டங்கள் இருக்கின்றன. ஆனால் நிழல் தாள் மையின் பக்கம் போய்விடுகிறது.

நிழலை எடுக்க வகுக்க வேண்டும். கழிக்கக் கூடாது. ஒளி குறையும்போது தாளும் மையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. கழித்துப் பாருங்கள்: வெளிச்சத்தில் 214-இல் 52 போனால் 162, நிழலில் 107-இல் 28 போனால் 79. இரண்டும் எங்கேயோ நிற்கின்றன. வகுத்துப் பாருங்கள்: 52-ஐ 214-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 62. 28-ஐ 107-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 67. நிழல் போய்விட்டது! இரண்டு இடத்திலும் மை ஏறக்குறைய ஒரே எண், தாள் இரண்டு இடத்திலும் 255.

வகுக்க, எழுத்தே இல்லாத வெறும் தாளின் படம் ஒன்று வேண்டும். அதை அந்தப் படத்திலிருந்தே செய்துகொள்ளலாம். டைலேட் என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்தில் இருப்பதிலேயே வெளிச்சமான எண்ணைப் போடும். பேனாக் கோடு 10 பிக்சல் அகலம் என்றால் 25-க்கு 25 சதுரம் கொடுங்கள், எழுத்துகள் கரைந்து தாள் மட்டும் மிஞ்சும். அதன்மேல் 51 அளவில் மீடியன் பிளர் போட்டு மேடுபள்ளத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு ஓப்பன்சிவியின் டிவைட், ஸ்கேல் 255. மொத்தம் நாலைந்து வரி. நோட்டின் அச்சுக் கோடுகள் வெளிறியிருந்தால் அவை 200-க்கு மேல் போய்விடும், மை 60-களில் நிற்கும். நடுவில் எங்கே வெட்டினாலும் கோடு போய்விடும், எழுத்து பெரும்பாலும் நிற்கும்.

வகுக்கிற கணக்கை நம்பையில் நேரடியாகச் செய்ய வேண்டாம். எட்டு பிட் எண்களில் 200-ஓடு 100-ஐ நம்பை கூட்டினால் 44 வரும், 255-ஐத் தாண்டியதும் திரும்ப 0-இலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஓப்பன்சிவியின் ஆட் 255-இலேயே நிற்கும். வெள்ளையாக வர வேண்டிய இடத்தில் திட்டுத் திட்டாகக் கருப்பு வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நீங்கள் இப்போதைக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவே: திறப்பது, ஓரிடத்து எண்ணைப் பார்ப்பது, சேனல் பிரிப்பது, டைலேட், மீடியன், டிவைட். முகமெல்லாம் அப்புறம்.

மூன்றாம்வரி:

இவ்வளவு எதற்கு? அடாப்டிவ் த்ரெஷோல்ட் ஒரே வரி. நிழலையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் ரசீதுகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன், பிளாக் அளவு 11.

சாம்பல்நிறம்:

ரசீதுக்கு நல்ல முறைதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். இங்கே 11 ஒத்துவராது. அது ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள சதுரத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறது. கோடே 10 பிக்சல் அகலம் இருக்கும்போது 11-க்கு 11 சதுரம் கிட்டத்தட்ட முழுக்க மையால் நிறைந்துவிடும், நடுவில் இருக்கும் மைக்குத் தான் கருப்பு என்று தெரியாது. எழுத்துகள் உள்ளே பொள்ளலாக வரும். 75 அளவுக்கு ஏற்றினால் சரியாகும்.

ஆனால் நான் வகுப்பதோடு நிறுத்தச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. த்ரெஷோல்ட் போட்டால் 0 அல்லது 255, நடுவில் எதுவும் மிஞ்சாது. பேனாவை அழுத்திய இடமும் லேசாகத் தூக்கிய இடமும் அந்தச் சாம்பல் எண்களில்தான் இருக்கின்றன. ரசீதில் தொகை தெரிந்தால் போதும். இது அம்மாவின் கை. கடிதத்தில் ஒரு 'ழ'வின் வாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: தொடக்கத்தில் 60, சுழிக்குள் 75, முடிகிற நுனியில் 140. வெட்டினால் அந்த நுனி போய்விடும். வகுத்த படத்தில் 230-க்கு மேல் உள்ளதை மட்டும் 255 ஆக்கிவிட்டு மீதியை அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்.

பழையநோட்டு:

சார், வகுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நிழல் எங்கே இருந்ததுன்னே தெரியலை.

இரவுப்பணி சொன்ன வழியில் தமிழ்ப் பெயர் ஃபோல்டரும் திறக்குது, ரொம்ப நன்றி.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கிட்டேன். அழுக்குப் புள்ளிகளை எடுக்க மீடியன் பிளர் 5 போட்டேன். அழுக்கு போச்சு, ஆனா படிச்சுப் பார்த்தால் 'அம்மா' எல்லாம் 'அமமா'ன்னு நிக்குது. பாதி ஒற்றுப் புள்ளியைக் காணோம். வேகமா ஓடணும்னு படத்தை முதல்லயே 800 பிக்சல் அகலத்துக்குச் சின்னதாக்கிட்டேன், அது காரணமா இருக்குமா?

சாம்பல்நிறம்:

அதேதான் காரணம். இது நம் எழுத்துக்கே உரிய ஆபத்து, ஆங்கிலப் பாடங்களில் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு 'ஐ'யின் தலையில் உள்ள புள்ளி போனாலும் சொல் அதே சொல்தான். நமக்குப் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 3000 பிக்சல் அகலத்தில் ஒற்றுப் புள்ளி ஏறக்குறைய 11 பிக்சல் இருக்கும். 800-க்குக் குறைத்தால் 3 பிக்சல். மீடியன் 5 என்பது 25 பிக்சல்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, பதின்மூன்றாவதை, எடுக்கும். 3-க்கு 3 புள்ளியில் இருப்பதே 9 கருப்பு. எங்கே வைத்துப் பார்த்தாலும் 9 பேர் 16 பேரிடம் தோற்பார்கள். ஒரு புள்ளிகூடத் தப்பாது. உங்களுக்குப் பாதி தப்பியதே அம்மா சில இடத்தில் புள்ளியைக் கொஞ்சம் இழுத்து வைத்திருப்பதால்தான் இருக்கும்.

முழு அளவிலேயே வேலை செய்யுங்கள், 84 பக்கம்தான், கணினி கொஞ்சம் காத்திருக்கட்டும். 11 பிக்சல் புள்ளியை மீடியன் 5 தொடாது, மூலைகளைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவே. முடிவில் சிறிதாக்க வேண்டியிருந்தால் ரீசைஸில் இன்டர் ஏரியா முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் அகலம் முதலில், உயரம் பிறகு. ஷேப்பில் உயரம் முதலில். இந்த முரணில் மாட்டாதவர் கிடையாது.

அதற்குப் பிறகும் அழுக்கு மிஞ்சினால் அளவை வைத்து அழிக்காதீர்கள், தூசியும் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும். கனெக்டட் காம்பொனன்ட்ஸ் வித் ஸ்டாட்ஸ் என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு கருப்புத் துண்டும் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பட்டியல் தரும். அதற்கு மட்டும் த்ரெஷோல்ட் போட்ட ஒரு நகலைக் கொடுங்கள். எழுத்து வெள்ளை, பின்னணி கருப்பு என்று திருப்பிக் கொடுக்க வேண்டும், அது வெள்ளையைத்தான் பொருளாக எண்ணும். சின்னத் துண்டுக்கு நேர் கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய துண்டு இருந்தால் அது ஒற்று, விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் வெறும் தாளாக இருந்தால் தூசி, அந்த இடத்தை வகுத்த படத்தில் 255 ஆக்குங்கள்.

சேமிக்கும்போது பிஎன்ஜி. ஜேபெக்கில் சேமித்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் லேசான சாம்பல் கறை படரும்.

பழையநோட்டு:

முழு அளவில் ஓட்டினேன். ஒற்று எல்லாம் திரும்பி வந்துடுச்சு. 'பள்ளத்தில்'ங்கிற சொல்லை எடுத்து எண்ணிப் பார்த்தேன், மூணு புள்ளியும் இருக்கு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கடைசிப் பத்துப் பக்கத்தில் அம்மா தாளின் ரெண்டு பக்கமும் எழுதியிருக்காங்க. பின்பக்க மை முன்பக்கம் ஊறித் தெரியுது, வகுத்ததும் அதுவும் சேர்ந்து எடுப்பாயிடுச்சு. மதிப்பு 150 பக்கத்தில் நிக்குது, நுனி 140-ன்னு நீங்க சொன்னதோட மோதுது. இதை எப்படிப் பிரிக்கிறது?

சாம்பல்நிறம்:

நிரலில் பிரிக்கப் பார்க்காதீர்கள், எண்கள் மோதுகிறபோது எந்த ஃபங்ஷனும் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைக் கொல்லும். அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் மறுபடி படம் எடுங்கள். தாளுக்கு அடியில் பளபளப்பில்லாத கருப்புக் காகிதம் ஒன்றை மெதுவாகச் செருகுங்கள். இப்போது அடியில் இருக்கும் வெளுத்த பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அது பின்பக்க மையின் வழியாக மேலே வருவதால்தான் மை நிழலாகத் தெரிகிறது. கருப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும், மை இருந்த இடமும் இல்லாத இடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆகிவிடும். தாள் மொத்தமும் கொஞ்சம் இருண்டு வரும், அதை வகுத்தல் பார்த்துக்கொள்ளும்.

ஓரம் பொடிகிறது என்றீர்களே, காகிதத்தைத் தையல் பக்கம் வரை தள்ள வேண்டாம். எழுத்து இருக்கும் இடம் மூடினால் போதும்.